ஆட்டம் தவிர வேறு எழுதக் கூடாது

காஞ்சிபுரம்,
8-7-1973

அன்புள்ள தம்பி சாமுவேலுக்கு,

கோதண்டபாணி எழுதிக்கொள்வது. நீயும் லில்லியும் நலமா என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும் கேட்கிறேன். என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடத் தோன்றும். கிழித்துக்கொள், ஆனால் படித்துவிட்டுக் கிழி. இது நம் அஞ்சல் சதுரங்க வட்டத்தின் கடிதம் இல்லை. முத்திரை குத்தவில்லை, நம்பர் போடவில்லை.

உன் அம்மாவைப் போன வாரம் வாலாஜாபாத் பஸ் நிலையத்தில் பார்த்தேன். கண் ஆபரேஷனுக்குப் பிறகு பார்வை நன்றாக இருக்கிறது போலிருக்கிறது. தூரத்திலேயே என்னை அடையாளம் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நானும் போய்ப் பேசவில்லை.

இங்கே மழை இல்லை. பாலாற்றில் மணல்தான் ஓடுகிறது. சேலை பார்டருக்குக் கட்டத் தாளில் டிசைன் போட்டுத் தரச் சொல்லி ஆட்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள், வேலைக்குக் குறைவில்லை. வட்டத்தில் ஒரு காலத்தில் நாற்பத்து மூன்று பேர் இருந்தோம். இப்போது ஒன்பது பேர். என்னையும் சேர்த்து.

விஷயத்துக்கு வருகிறேன். தை மாதம் என்னிடமிருந்து உனக்கு ஒரு கார்டு வந்திருக்கும். எதிர் ஆட்டக்காரர் நம்பர் 31 அர்ஜுனன் ஆட்டத்திலிருந்து நீங்கினார், வெற்றி உமக்கே என்று. அது பொய். அவன் நீங்கவில்லை, நான் நீக்கினேன். உன் பதில் ஆட்டம் வரும் என்று அவன் இன்றுவரை காத்திருக்கிறான். நீ அவனை உதறிவிட்டாய் என்று முடிவு கட்டி, சோற்றை ஒதுக்கிவிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான்.

அவன் யார் என்று உனக்கு நான் சொன்னதே இல்லை. நீ இரண்டு முறை கேட்டு எழுதினாய். ஆடுகிறவர்களின் ஊரும் வீடும் ஒருவருக்கொருவர் தெரியக் கூடாது என்று சட்டம் பேசினேன். இப்போது சொல்கிறேன். வயது முப்பத்தொன்று. பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். பஸ் கூரையில் வாழைத்தார் ஏற்றும்போது தவறி விழுந்து முதுகெலும்பு போய்விட்டது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. ஏழு வருஷமாகக் கட்டிலில்தான் கிடக்கிறான். அப்பா முனிசாமி உயிரோடு இல்லை. அம்மா மணியம்மாள்தான் எல்லாம் செய்கிறாள். ஊர் ஏனாத்தூர். என் வீட்டிலிருந்து சைக்கிளில் அரை மணி. அவன் வட்டத்தில் சேர்ந்த நாலு வருஷத்தில் நான் அங்கே ஒரு நாள்கூடப் போனதில்லை.

நடந்தது இதுதான். கார்த்திகை மழையில் அவன் அனுப்பிய கார்டு நனைந்து வந்தது. மை கரைந்து, எந்தக் காயை எங்கே வைத்தான் என்று தெரியவில்லை. படிக்க முடியாத கார்டுக்கு மூன்று எச்சரிக்கை அனுப்புவது, பதில் இல்லையென்றால் பெயரை அடிப்பது என்பது சட்டம். மூன்றும் அனுப்பினேன். பதில் இல்லை. அடித்துவிட்டேன்.

அந்த எச்சரிக்கைக் கார்டுகளில்தான் என் புத்திசாலித்தனம் இருக்கிறது. மற்றக் கார்டுகளோடு கலந்து போகாமல் கண்ணில் படவேண்டும் என்று, போன தீபாவளிக்குப் பிறகு அவற்றின் நாலு மூலையிலும் கறுப்பு மை தடவி அனுப்ப ஆரம்பித்தேன். பளிச்சென்று இருந்தது, எனக்கே பெருமையாக இருந்தது. இந்த ஊரிலேயே பிறந்து ஐம்பத்திரண்டு வயதானவன் நான். நல்ல காரியக் கடிதத்துக்கு மஞ்சள், சாவுக் கடிதத்துக்குக் கறுப்பு என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு அந்த நேரம் தோன்றவில்லை. சட்டம் ஒழுங்காக நடக்கிறதா என்பது மட்டும்தான் தோன்றியது.

மணியம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் நம் வட்டத்தின் கட்டம் போட்ட முத்திரையைத் தெரியும். தபால்காரர் கலியன் கறுப்பைப் பார்த்ததும் படித்துக்கூடச் சொல்லாமல் வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். சாவுக் கடிதத்தை வீட்டுக்குள் கொண்டுபோகிற வழக்கம் அங்கேயும் கிடையாது. வாசலிலேயே கிழித்துத் தெருவில் போட்டுவிட்டுத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு உள்ளே போயிருக்கிறாள். நீ வடக்கே ஆலையில் வேலை பார்க்கிறாய், தபால் தாமதமாகும் என்று மட்டும் அவனுக்கு ஒரு முறை நான் எழுதியிருந்தேன். முத்திரை நம்முடையது என்பதால், மகனோடு ஆடுகிற வடக்கத்துத் தம்பிதான் போய்விட்டது என்று நினைத்துவிட்டாள். அடுத்த இரண்டு கார்டும் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்ததாக்கும் என்று அதே மாதிரி கிழித்தாள். மகன் தாங்கமாட்டான் என்று வாயைத் திறக்கவில்லை. கார்டு வந்ததா என்று அவன் கேட்கும்போதெல்லாம் வரவில்லை என்று சொல்லியிருக்கிறாள்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், போன வெள்ளிக்கிழமை அந்த அம்மாள் விசாரித்துக்கொண்டு என் வீட்டுக்கே வந்தாள். நடந்தே வந்திருக்கிறாள். வாசற்படியில் உட்கார்ந்து, அந்த வடக்க இருந்த தம்பி எப்புடிங்கய்யா செத்தாரு, நோவா, மெஷின்ல மாட்டிக்கினாரா என்று கேட்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆறு மாசமா எம்புள்ள கிட்ட மறைச்சிக்கினு இருக்கேங்கய்யா, அவரு மறந்துட்டாருன்னு நெனச்சிக்கினு சோறு திங்க மாட்டேங்கறான், செத்துட்டாருன்னு தெரிஞ்சாலாவது மனசு ஆறுமா, நீங்க படிச்சவங்க, சொல்லுங்க என்றாள். நீ உயிரோடு இருக்கிறாய் என்று சொன்னேன். அவள் சந்தோஷப்படவில்லை. அப்போ ஏன் எழுதல என்று கேட்டாள்.

அவள் போன பிறகு, பெயர் அடிக்கப்பட்டவர்களின் தபால்களைப் போட்டு வைக்கிற பெட்டியைத் திறந்தேன். நீக்கப்பட்டவர்கள் திட்டி எழுதுவார்கள் என்று ஆறு மாதம் அவற்றைப் படிப்பதில்லை என்று ஒரு சட்டம் வைத்திருந்தேன். அர்ஜுனனின் கார்டு நாலு இருந்தது. சாமுவேல் சார் கோபமா, நான் ஏதாவது தப்பு ஆட்டம் ஆடிவிட்டேனா என்று ஒவ்வொன்றிலும் கேட்டிருக்கிறான். கடைசிக் கார்டில் எழுத்து கோணிப்போயிருந்தது.

படுக்கைப் புண் பெரிதாகிவிட்டதாம், காய்ச்சல் விட்டு விட்டு வருகிறதாம். மருந்தும் எடுத்துக்கொள்ள மாட்டேன் என்கிறானாம். இன்னொரு விஷயமும் உன்னிடம் சொல்ல வேண்டும். அதை எழுத இன்று எனக்குத் தைரியம் இல்லை.

தம்பி, எனக்குப் பதில் வேண்டாம். அவனுக்கு நேராக எழுது. அர்ஜுனன், மணியம்மாள் வீடு, பிள்ளையார் கோயில் தெரு, ஏனாத்தூர், காஞ்சிபுரம் வழி. உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்ளும்,

கோதண்டபாணி

~

காஞ்சிபுரம்,
5-8-1973

அன்புள்ள தம்பி சாமுவேலுக்கு,

கோதண்டபாணி மறுபடியும் எழுதுகிறேன். முதல் கடிதத்தை ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினேன். ஒப்புதல் சீட்டு திரும்பி வந்திருக்கிறது, அதில் லில்லியின் கையெழுத்து இருக்கிறது. ஆக, கிடைத்திருக்கிறது. நீ ஏன் எழுதவில்லை என்று கேட்க மாட்டேன். காரணம் எனக்குத் தெரியும். அன்று எழுதாமல் விட்டது அதைத்தான்.

முன்கதை உனக்குத் தெரியும் என்றாலும் என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். அறுபத்தாறில் நீயும் நானும் என் கட்டத் தாளில் காய் நகர்த்திக்கொண்டிருந்தபோது, கிராமங்களில் ஆடத் தெரிந்தும் எதிரில் உட்கார ஆள் இல்லாதவர்களைத் தபாலில் சேர்த்துவிடலாமே என்று சொன்னவன் நீ. நல்ல காரியமாகத்தான் இருந்தது. ரயில்வே கேட்டில் தனியாக இருக்கிறவரும், ஒரு வாத்தியாரும், ஒரு கம்பவுண்டரும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமலே அண்ணன் தம்பி ஆனார்கள். கார்டில் அரை மூலையில் ஆட்டம் இருக்கும், மற்ற இடமெல்லாம் குசலம் இருக்கும்.

நீ பிலாய் உருக்காலையில் வேலை கிடைத்துப் போன மறு வருஷம் நம் வட்டத்து ராஜகோபாலும் உமாபதியும் அடித்துக்கொண்டார்கள். ஒரு ஆட்டத்தில் ஆரம்பித்து, கார்டிலேயே சாதியைச் சொல்லித் திட்டி, கடைசியில் ஒருவர் வீட்டு வாசலுக்கு இன்னொருவர் கழியோடு போய் நின்று, போலீஸ் வரைக்கும் போயிற்று. எட்டுப் பேர் வட்டத்தை விட்டுப் போனார்கள். அதற்குப் பிறகுதான் எல்லாக் கார்டும் என்னிடம் வரட்டும், நான் ஆட்டத்தை மட்டும் வேறு கார்டில் எழுதி அனுப்புகிறேன் என்று சட்டம் போட்டேன். ஆட்டம் தவிர வேறு எழுதக் கூடாது. சண்டை நின்றது, எல்லாரும் என்னைப் புகழ்ந்தார்கள். நீ மட்டும், ரெண்டு பேரு சண்டைக்கு நாப்பது பேரு வாயைக் கட்டறீங்களேண்ணே என்று எழுதினாய். அதையும் நான் யாருக்கும் அனுப்பவில்லை.

நீ சட்டத்தை மதிக்கவில்லை. அர்ஜுனனுக்கு அனுப்பும் ஒவ்வொரு கார்டிலும் நாலு வரி எழுதிக்கொண்டே இருந்தாய். அவனும் உனக்கு எழுதினான். இரண்டு பேர் எழுதியதையும் நான் படித்தேன், இரண்டு பேருக்கும் ஆட்டத்தை மட்டும் அனுப்பினேன். என்றாவது மனம் இரங்கி அனுப்பிவிடுவேன் என்று நீ நினைத்திருப்பாய்.

போன வருஷம் ஆவணியில் நீ எழுதிய கார்டு இதோ என் முன்னால் இருக்கிறது. பாப்பா நேற்று முன்தினம் போய்விட்டாள், மூன்று நாள் காய்ச்சல்தான், லில்லி பேசுவதில்லை, குதிரையை எங்கோ வைத்திருக்கிறேன், தப்பாக இருந்தால் பொறுத்துக்கொள் தம்பி என்று எழுதியிருக்கிறாய். அன்றைக்கு நகல் எழுத என்னிடம் முப்பது கார்டு இருந்தது. படித்தேன். ஐயோ பாவம் என்று நினைத்தேன். குதிரையை மட்டும் எழுதி அனுப்பினேன். அவன் அந்தக் குதிரையை வெட்டினான். வெட்டியதை உனக்கு எழுதி அனுப்பினேன். பிள்ளை செத்ததைச் சொன்னவனுக்கு நம் வட்டத்திலிருந்து போன பதில் அதுதான். நானும் தனியாக ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. இன்று எழுதலாம், நாளை எழுதலாம் என்று இருந்து, பிறகு எழுதினால் நீ என்ன கேட்பாய் என்று பயம் வந்துவிட்டது.

நீ அவனைக் கல் நெஞ்சுக்காரன் என்று நினைத்திருப்பாய். அதனால்தான் நான் உன்னிடம் அவனுக்காகக் கெஞ்சியும் நீ எழுதவில்லை. உன்மேல் குற்றம் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை உன் கார்டுகளை எடுத்துக்கொண்டு ஏனாத்தூர் போனேன். இருபத்திரண்டு கார்டு இருந்தது. எல்லாவற்றையும் அவனுக்குப் படித்துக் காட்டினேன். முதலில் சிரித்தான். ஆலைப் புகைபோக்கிக்குக் கீழே நீங்கள் எல்லாரும் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுவதை எழுதியிருந்தாயே, அதை இரண்டு தரம் படிக்கச் சொன்னான். எம்மேல இம்மா பாசமா இருந்தாரா சார், எனக்குத் தெரியவே இல்லையே என்றான். ஆவணிக் கார்டை ஒளித்துவிடலாமா என்று நினைத்தேன். ஒளித்து ஒளித்துத்தான் இவ்வளவு ஆயிற்று என்று படித்துவிட்டேன்.

அவன் அந்தக் கார்டைக் கையில் வாங்கிப் பார்த்தான். பிறகு, புள்ள செத்த வூட்டுக்குக் குதிரைய வெட்டிட்டேன்னு அனுப்பிக்கினு இருந்திருக்கேனே சார் என்றான். அந்தக் குதிரை மாட்டினதற்கு அன்றைக்கு அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தானாம். நீங்க மனுசனா சார் என்று என்னைக் கேட்டான். மணியம்மாள் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் கொடுத்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

உனக்கு எழுத வேண்டும் என்று கார்டு கேட்டான். எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறானாம். டாக்டர் வந்து பார்த்தார். புண் உள்ளே எலும்பு வரை போய்விட்டது, சாப்பிட்டால்தான் மருந்து வேலை செய்யும் என்கிறார். அவன் சாப்பிடுவதில்லை. சாமுவேல் சாரிடமிருந்து ஏதாவது வந்ததா என்று மட்டும் கேட்கிறான்.

என்னைத் திட்டி எழுது. என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்று எழுது. அவன் பெயருக்கு எழுது, போதும். ஒரு வரி அவன் கையில் கிடைக்க வேண்டும்.

கோதண்டபாணி

~

காஞ்சிபுரம்,
30-9-1973

அன்புள்ள தம்பி சாமுவேலுக்கும் லில்லிக்கும்,

கோதண்டபாணி எழுதுவது. அர்ஜுனன் இருபத்து மூன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்விட்டான். மணியம்மாள் முகம் துடைக்கத் தண்ணீர் கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது. கலியன்தான் சைக்கிளில் வந்து எனக்குச் சொன்னார். பாடை தூக்க ஆள் போதவில்லை, நானும் ஒரு பக்கம் பிடித்தேன். அவன் எடையே இல்லை.

உன்னிடமிருந்து எதுவும் வரவில்லை. அதைச் சொல்லிக் காட்டுவதற்காக எழுதவில்லை. வட்டத்தை மூடிவிட்டேன். மிச்சமிருந்த எட்டுப் பேருக்கும் எல்லாருடைய விலாசத்தையும் எழுதி அனுப்பிவிட்டேன். யாராவது யாருக்காவது எழுதுகிறார்களா என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள எனக்கு உரிமையும் இல்லை. கறுப்பு மூலைக் கார்டு போன மற்றவர்கள் வீட்டில் என்ன நடந்தது என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை. அந்தக் குளிர்காலத்தில் மட்டும் பதினாலு பேரின் பெயரை அடித்திருக்கிறேன்.

கடைசி இரண்டு வாரம் அவனால் எழுத முடியவில்லை. பேனா கையில் நிற்கவில்லை. நான் தினமும் போனேன். முதல் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள், எழுதுங்க சார் என்றான். நான் சொல்றத அப்படியே எழுதணும், வெட்டக் கூடாது என்றான். அவன் சொன்னதை ஒரு சொல் விடாமல் கீழே எழுதுகிறேன்.

சாமுவேல் சார், நான் அர்ஜுனன். பாப்பா போன சேதி எனக்கு வரலங்க. வந்திருந்தா அந்தக் குதிரையத் தொட்டிருக்க மாட்டேன். ஆட்டத்த வுட்டுட்டு உங்களுக்கு எழுதியிருப்பேன். என்னா எழுதறதுன்னு தெரிஞ்சிருக்காது, ஆனா எழுதியிருப்பேன். லில்லி அக்கா கிட்ட சொல்லுங்க, அந்தத் தம்பி அப்புடிப்பட்டவன் இல்லன்னு சொல்லுங்க. எங்கம்மா பாப்பாவுக்காக அழுதாங்க, நீங்க யாருன்னே தெரியாது, அழுதாங்க. எனக்கு நடக்க முடிஞ்சா ரயில் ஏறி வந்திருப்பேன். பாப்பாவுக்கு எத்தினி வயசுங்க? பேரு என்னாங்க?

இவ்வளவுதான் சொன்னான். பிறகு என் பக்கம் திரும்பி, உங்களுக்குத் தெரியுமே சார், அவரு எழுதினதெல்லாம் நீங்கதானே படிச்சிங்க, பாப்பா பேரு என்னா என்று கேட்டான்.

தம்பி, எனக்குத் தெரியவில்லை. உனக்குப் பெண் பிறந்ததை நீ எழுதியது எழுபத்தொன்றில், ஐப்பசியோ கார்த்திகையோ. பெயர் வைத்ததையும் எழுதியிருந்தாய். லில்லி ஒரு பெயர் சொன்னாள், அம்மா ஒரு பெயர் சொன்னார்கள், கடைசியில் இதை வைத்தோம் என்று கார்டு நிறைய எழுதியிருந்தாய். படித்தது நினைவிருக்கிறது. பெயர் நினைவில்லை. அந்த மார்கழிக் கடைசியில், போகியன்று பழைய கார்டுகளையெல்லாம் வாசலில் போட்டு எரித்தேன், அதுவும் அதில் போய்விட்டது. அந்த இருபத்திரண்டு கார்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவற்றில் எல்லாம் பாப்பா என்றே எழுதியிருக்கிறாய். அவன் அடுத்த நாளும் கேட்டான், அதற்கடுத்த நாளும் கேட்டான். வாலாஜாபாத் போய் உன் அம்மாவைக் கேட்கலாம் என்று இரண்டு முறை பஸ் ஏறினேன். எந்த முகத்தோடு கேட்பது என்று இறங்கித் திரும்பி வந்துவிட்டேன். மூன்றாம் முறை கட்டாயம் போய்விடுவது என்று நினைத்த நாள் அந்த ஞாயிற்றுக்கிழமை.

மணியம்மாள் சாமி விளக்கு ஏற்றும்போது மகன் பெயரைச் சொல்லிவிட்டு, அந்தப் பாப்பாவும் என்று சேர்த்துச் சொல்கிறாள். பேரு தெரியாம சாமி கிட்ட எப்படிச் சொல்றதுங்கய்யா என்று என்னைக் கேட்கிறாள்.

உங்கள் இரண்டு பேருக்கும் கர்த்தர் துணையிருக்கட்டும். நீ எனக்கு எழுத வேண்டாம், என்னை மன்னிக்கவும் வேண்டாம். விலாசம் உன்னிடம் இருக்கிறது. பெயரை மட்டும் அந்த அம்மாளுக்கு எழுது. கலியன் படித்துச் சொல்லுவார்.

கோதண்டபாணி